பூவும் தெளிய வேண்டும், மலையும் தெளிய வேண்டும்: புல ஆழம் பற்றிய எளிய விளக்கம்

காட்டுப்பூவைக் கிட்ட நின்று படம் பிடித்த எல்லோருக்கும் ஓர் ஏமாற்றம் பழக்கமானது. கமராவின் சின்னத் திரையில் அழகாகத் தெரிந்த பூ, வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்க்கும்போது, ஓர் இதழின் விளிம்பில் மட்டும் தெளிவாகவும் மற்ற இடமெல்லாம் மங்கலாகவும் இருக்கும். கை நடுங்கிவிட்டது என்றோ, இந்த விலைக்கு வாங்கிய லென்ஸ் இவ்வளவுதான் செய்யும் என்றோ எண்ணிச் சலித்துக்கொள்பவர்கள் பலர். பெரும்பாலான நேரங்களில் கையிலும் குறையில்லை, லென்ஸிலும் குறையில்லை. பூவுக்கு மிக அருகே போகும்போது ஒளியியல் தன் விதிப்படி நடந்துகொள்கிறது, அவ்வளவுதான். அந்த விதியைப் புல ஆழம் என்கிறார்கள். படப்பிடிப்பாளர்கள் பேச்சு வழக்கில் 'டெப்த் ஒஃப் ஃபீல்ட்' என்பார்கள். பூக்களைப் படம் பிடிக்க விரும்பும் ஒருவர் வேறு எதைக் கற்பதற்கு முன்பும் இதைக் கற்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆல்ப்ஸ், இமயம் போன்ற உயர்ந்த மலைகளின் புல்வெளிப் பூக்களைக் காட்டும் படங்களைப் பார்த்தால், அவை பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்குவதைக் காணலாம். ஒரு வகையில், காலடியில் பூத்திருக்கும் பூக்களும் தொலைவில் நிற்கும் பனிச் சிகரமும் ஒருசேரத் தெளிவாக இருக்கும். இன்னொரு வகையில், ஒற்றைப் பூ மட்டும் துலக்கமாக நிற்க, அதன் பின்னால் உள்ளதெல்லாம் வெறும் பச்சை நிறமாகக் கரைந்திருக்கும். முன்னதில் புல ஆழத்தை இயன்றவரை கூட்டியிருக்கிறார்கள். பின்னதில் வேண்டுமென்றே குறைத்திருக்கிறார்கள். திருகோணமலையில் பனிச் சிகரம் கிடையாது. ஆனால் நிலாவெளி மணலில் அடம்பன் கொடி பூத்திருக்கிறது. அதற்கு நேர் எதிரே, கடலுக்குள் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தள்ளிப் புறாமலை என்ற பாறைத் தீவு நிற்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் பூ, வெகு தொலைவில் பாறை என்ற அந்த அமைப்பு மலைப் புல்வெளியில் எழும் அதே சிக்கலைத்தான் நம் முன் வைக்கிறது. ஆகவே மலைக்குப் போகும் நாள் வரும்வரை காத்திராமல், உள்ளூர்க் கடற்கரையிலேயே பாடத்தைத் தொடங்கிவிடலாம்.

லென்ஸ் ஒன்றினால், ஒரு நேரத்தில், ஒரேயொரு தூரத்தில் உள்ள பொருளை மட்டுமே முழுத் துல்லியத்துடன், கமராவுக்குள் ஒளியைப் பதிவு செய்யும் பரப்பான சென்சரின் மேல் குவிக்க முடியும். அந்தத் தூரத்தில் இருக்கும் ஒரு புள்ளியிலிருந்து புறப்பட்ட ஒளி, சென்சரிலும் புள்ளியாகவே வந்து சேர்கிறது. அதைவிட அருகே உள்ள புள்ளியின் ஒளி சென்சருக்குப் பின்னாலும், தொலைவில் உள்ள புள்ளியின் ஒளி சென்சருக்கு முன்னாலும் குவிய முயல்வதால், அவை சென்சரில் புள்ளியாக விழாமல் சிறு வட்டங்களாகப் பரவி விழுகின்றன. வட்டம் மிகச் சிறியதாக இருந்தால் நமது கண் அதைப் புள்ளி என்றே ஏற்றுக்கொள்ளும்; பெரிதானால் மங்கல் என்று உணரும். இப்படிக் கண் ஏற்றுக்கொள்ளும் அளவுக்குள் வட்டங்கள் அடங்கியிருக்கும் வரம்பு, துல்லியமான தூரத்துக்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னுமாக விரிந்திருக்கும். அந்த வரம்பின் கனம்தான் புல ஆழம். அதன் ஓரத்தில் சுவர் எதுவும் இல்லை. தெளிவு மெல்ல மெல்லத்தான் குறைந்துகொண்டு போகும். படத்தைப் பெரிதாக்கும்போது வட்டங்களும் பெரிதாவதால், சின்னத் திரையில் தெளிவாகத் தோன்றிய பூ கணினியில் மங்கிப்போகிறது.

இதை மனத்தில் நிறுத்த ஓர் எளிய வழி உண்டு. கமராவுக்கு முன்னால், சென்சருக்கு இணையாக, ஒரு கண்ணாடித் தகடு காற்றில் செங்குத்தாக நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அந்தத் தகட்டுக்குள் அகப்படுவதெல்லாம் தெளிவாகப் பதியும். அதற்கு வெளியே இருப்பதெல்லாம் மங்கும். தகட்டின் கனத்தை எவ்வளவு வைப்பது, அதைப் பூவின் எந்த இடத்தில் நிறுத்துவது என்ற இரண்டு முடிவுகளையும் படம் பிடிப்பவர்தான் எடுக்க வேண்டும். அந்த முடிவை நீங்கள் எடுக்காவிட்டால் கமரா தானாக ஒன்றை எடுத்துவிடும். அது பெரும்பாலும் தனக்கு மிக அருகில் உள்ள இதழ் விளிம்பைத்தான் தேர்ந்தெடுக்கும்.

தகட்டின் கனத்தை மாற்றும் காரணங்களில் மிகவும் வலிமையானது நெருக்கம். புதியவர்கள், ஒளி உள்ளே வரும் வழியான லென்ஸின் துளையைப் பற்றியே அதிகம் கேள்விப்படுகிறார்கள். பூவைப் பொறுத்தவரை நெருக்கம்தான் முதலில் கணக்குக் கேட்கும். அடம்பன் பூ ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் வாய் ஏறக்குறைய 6 செ.மீ. அகலம், ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த இதழ்கள் ஒன்றாக இணைந்து புனல் வடிவில் உள்ளே இறங்கி, 4 அல்லது 5 செ.மீ. ஆழத்தில் கருஞ்சிவப்பான தொண்டையில் முடிகின்றன. மகரந்தத் தாள்கள் அந்தத் தொண்டைக்குள்தான் ஒளிந்திருக்கும். நம்மில் பலர் வைத்திருக்கும் ஏ.பி.எஸ்.சி. வகைக் கமராவின் சென்சர் ஏறத்தாழ 24 மி.மீ. அகலமும் 16 மி.மீ. உயரமும் கொண்டது. துளை எஃப் 8இல் இருக்கும்போது (இந்த எண்ணின் பொருளைப் பின்னால் சொல்கிறேன்), 16 செ.மீ. உயரமுள்ள ஒரு பரப்பு, அதாவது பூவும் சுற்றியுள்ள சில இலைகளும், சட்டகத்தை நிறைக்கும்படி படம் பிடித்தால், புல ஆழம் சுமார் 35 மி.மீ. கிடைக்கும். இன்னும் நெருங்கிப் பூவே சட்டகத்தின் உயரத்தை நிறைக்கும்படி செய்தால் அது சுமார் 6 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும். தொண்டைப் பகுதியை மட்டும், 16 மி.மீ. உயரம் சட்டகத்தை நிறைக்கும்படி, மிக நெருங்கி எடுப்பதற்கான மக்ரோ லென்ஸால் எடுத்தால் மிஞ்சுவது 0.6 மி.மீ. மட்டுமே. துளையில் கை வைக்கவே இல்லை. நெருங்கியது ஒன்றுதான் மாற்றம்.

5 செ.மீ. ஆழமுள்ள பூவுக்கு 6 மி.மீ. கனமுள்ள தகடு. விளிம்பு தெளிந்தால் தொண்டை மங்கும், தொண்டை தெளிந்தால் விளிம்பு மங்கும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இங்கே ஒரு பொதுவான தவறான எண்ணத்தையும் திருத்திக்கொள்வது நல்லது. நீளமான, அதாவது மி.மீ. எண் பெரிதான, லென்ஸைப் போட்டால் புல ஆழம் குறைந்துவிடும் என்பார்கள். இவ்வளவு நெருக்கத்தில், பூ சட்டகத்தில் ஒரே அளவில் விழும்படி நீங்கள் பின்வாங்கி நின்றால், 50 மி.மீ. லென்ஸும் 100 மி.மீ. லென்ஸும் ஏறக்குறைய ஒரே புல ஆழத்தைத்தான் தரும். மாறுவது பின்னணி. நீளமான லென்ஸ் பின்னணியின் ஒரு சிறு துண்டை மட்டுமே உள்ளே எடுத்து, அதன் மங்கலையும் பெரிதாக்கிக் காட்டுவதால், பூ தனித்து நிற்பது போன்ற தோற்றம் கிடைக்கிறது.

அடுத்தது துளை. எஃப் என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் எண், லென்ஸின் குவியத்தூரத்தை, அதாவது லென்ஸோடு சேர்த்துச் சொல்லும் மி.மீ. அளவை, துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது. 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 என்றால் துளை 25 மி.மீ. அகலம், எஃப் 8 என்றால் வெறும் 6 மி.மீ. சொச்சம். எண் பெரிதாகும்போது துளை சிறிதாவது முதலில் குழப்பத்தான் செய்யும். வகுத்தல் கணக்கு என்பதை நினைவில் வைத்திருந்தால் போதும். சிறிய துளையின் வழியே ஒளிக்கற்றை ஒடுங்கி வருவதால், முன்பு சொன்ன வட்டங்களும் சிறுக்கின்றன, தகடு கனக்கிறது. கிட்டப்பார்வை உள்ளவர்கள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தொலைவில் உள்ள எழுத்து ஓரளவு தெளிவதற்கும் இதே காரணம்தான். சட்டகத்தை நிறைத்த அதே அடம்பன் பூவுக்கு எஃப் 2.8இல் 2 மி.மீ., எஃப் 8இல் 6 மி.மீ., எஃப் 16இல் 11 முதல் 12 மி.மீ. வரை கிடைக்கும்.

அப்படியானால் எப்போதும் எஃப் 22இல் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். இரண்டு காரணங்களால் அது சரிவராது. துளை மிகச் சிறிதானால் ஒளி அதன் விளிம்பில் வளைந்து பரவுகிறது. அதனால் தகட்டுக்குள் இருக்கும் பகுதியும் சேர்த்துப் படம் முழுவதும் சற்றுக் கூர்மை இழக்கிறது. நெருக்கம் கூடக்கூட இந்தப் பாதிப்பும் கூடும். இரண்டாவது காரணம் எங்கள் ஊர்க்காரருக்கு நன்றாகவே புரியும்: காற்று. எஃப் 4இலிருந்து எஃப் 16க்குப் போவதென்றால், ஒளி நான்கு முறை பாதி பாதியாகக் குறைந்து பதினாறில் ஒரு பங்காகிறது. ஒளியை உள்ளே விடும் ஷட்டரை 1/500 செக்கன் திறந்து எடுத்த படத்துக்கு இப்போது 1/30 செக்கன் வேண்டும். மே மாதமளவில் தொடங்கிச் செப்டெம்பர் வரை வீசும் கச்சான் காற்றில் அடம்பன் பூ ஒரு கணமும் சும்மா நிற்காது. 1/30 செக்கனுக்குள் அது எங்கோ போய் வந்துவிடும். அப்போது ஏற்படும் மங்கல் புல ஆழத்தால் வந்ததல்ல, அசைவினால் வந்தது. முதல் வகையில் பூவின் ஏதாவது ஒரு பகுதியாவது கூர்மையாக இருக்கும். இரண்டாவதில் பூவின் எந்த இடத்திலும் கூர்மை இராது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து இவற்றைப் பிரித்தறியப் பழகிவிட்டால், அடுத்த தடவை எதை மாற்ற வேண்டும் என்பது தானாகத் தெரியும். சென்சரின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணை 100இலிருந்து 1600க்கு உயர்த்தினால் எஃப் 16இலும் 1/500 செக்கன் திரும்பக் கிடைக்கும். படத்தில் சற்றே மணல் தூவியது போன்ற சொரசொரப்பு வந்தாலும், ஆடிப்போன பூவைவிட அது எவ்வளவோ மேல். அடம்பன் பூ காலையில் விரிந்து பிற்பகலில் வாடிவிடும். காற்றும் காலையில்தான் பெரும்பாலும் தணிந்திருக்கும். எனவே வெயில் ஏறுவதற்கு முன் போவது பூவுக்கும் நல்லது, ஷட்டருக்கும் நல்லது.

தகட்டைக் கனமாக்குவதைவிட, இருக்கும் தகட்டைச் சரியான இடத்தில் நிறுத்துவதே பெரிய கலை என்று நான் கருதுகிறேன். நித்தியகல்யாணிப் பூவை நேர் முன்னால் நின்று பாருங்கள். ஐந்து இதழ்களும் ஏறக்குறைய ஒரே தட்டையில் விரிந்திருக்கின்றன. கமராவின் முதுகை அந்தத் தட்டைக்கு இணையாகப் பிடித்தால் எஃப் 5.6இலேயே ஐந்து இதழ்களும் தெளிந்துவிடும். அதே பூவைச் சாய்வாகப் பார்த்தால், தகடு இதழ்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போவதால் எஃப் 16 கூடப் போதாது. அடம்பன் பூவை நேரே பார்த்தால் விளிம்பு வட்டம் முழுவதையும் தெளிய வைத்து, தொண்டையை மெல்லிய இருளாக விட்டுவிடலாம். பக்கவாட்டில் பார்த்தால் காம்பிலிருந்து வாய்வரை புனலின் வெளிக்கோடு முழுவதும் ஒரே தகட்டில் அகப்படும். எருக்கம்பூவில் நடுவே கிரீடம் போல எழுந்து நிற்கும் பகுதிக்குப் போகஸ் செய்ய வேண்டும்; இதழ்கள் கொஞ்சம் மங்கினாலும் கண் பொறுத்துக்கொள்ளும். மாரி காலத்தில் வேலியோரப் பற்றைகளில் பூக்கும் கார்த்திகைப்பூ இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது. இதழ்கள் மேல் நோக்கிப் பின்னே வளைந்திருக்க, மகரந்தத் தாள்கள் நாலாபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கிட்டப்போய்ச் சட்டகத்தை நிறைக்க முயலாமல், இரண்டடி பின்வாங்கி, புல ஆழத்தைத் தாராளமாக்கிக்கொண்டு, பிறகு வேண்டிய அளவுக்குப் படத்தை வெட்டி எடுப்பதே புத்திசாலித்தனம். விஷ்ணுகிராந்தியின் நீலப் பூ ஒரு செ.மீ. கூட இராது; அதற்குத் தரையில் குப்புறப் படுக்காமல் வேறு வழியில்லை.

இவ்வளவு நெருக்கத்தில் ஓட்டோ போகஸை நம்ப வேண்டாம். கையால் ஒரு தூரத்தில் போகஸை நிறுத்திவிட்டு, திரையில் காட்சியைப் பெரிதாக்கி, உடம்பை முன்னும் பின்னும் இம்மியளவு அசைத்து, வேண்டிய இடம் தெளியும் கணத்தில் தொடர்ச்சியாக நாலைந்து படங்களை எடுப்பது நல்ல முறை. காற்றே இல்லாத காலையில், கமராவை நிறுத்தும் முக்காலி கையில் இருந்தால், போகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, கணினியில் ஒவ்வொன்றின் தெளிந்த பகுதியையும் ஒன்றாகச் சேர்க்கவும் முடியும். 5 செ.மீ. ஆழமுள்ள பூவை 6 மி.மீ. தகடுகளால் மூடுவதற்கு, ஒன்றின்மேல் ஒன்று சற்றே படியும்படி, பத்துப் பன்னிரண்டு படங்கள் வேண்டும். இடையில் பூ அசைந்தால் அத்தனையும் வீண்.

இனி, பூவையும் புறாமலையையும் ஒரே படத்தில் தெளிய வைக்கும் வேலை. கமராவோடு வரும் சாதாரண லென்ஸை 18 மி.மீ.யில், துளையை எஃப் 11இல் வைத்துக்கொள்ளுங்கள். 30 செ.மீ. தூரத்தில் உள்ள ஒற்றைப் பூவுக்குப் போகஸ் செய்தால் ஏறக்குறைய 25 செ.மீ. முதல் 37 செ.மீ. வரை மட்டுமே தெளியும். புறாமலை வெறும் கருமையான திட்டாகிவிடும். போகஸை 1.5 மீற்றரில் வைத்தால், சுமார் 75 செ.மீ.யிலிருந்து அடிவானம் வரை எல்லாமே ஏற்கத்தக்க தெளிவுடன் வரும். இந்த 1.5 மீற்றரை ஹைப்பர்ஃபோகல் தூரம் என்பார்கள். போகஸை அங்கே நிறுத்தினால் அதன் பாதித் தூரம் முதல் முடிவிலிவரை நமக்குச் சொந்தம் என்பது விதி. மலைக்குப் போகஸ் செய்வதும் வீண், பூவுக்குப் போகஸ் செய்வதும் வீண். இரண்டுக்கும் இடையில் உள்ள ஒரு வெற்றிடத்துக்குப் போகஸ் செய்ய வேண்டும் என்பதுதான் இதில் புதியவர்கள் நம்ப மறுக்கும் செய்தி.

ஆனால் 75 செ.மீ.யில் வைத்த ஒற்றை அடம்பன் பூ, 18 மி.மீ. லென்ஸில் சட்டகத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்குகூட நிறைக்காது. ஆகவே ஒற்றைப் பூவைத் தேடாமல், அடர்ந்து பூத்த ஓர் இடத்தைத் தேட வேண்டும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம்மவர்கள் சொல்வது இங்கே நூற்றுக்கு நூறு பொருந்தும். மலைப் புல்வெளிப் படங்களிலும் முன்னால் தெரிவது எப்போதும் ஒரு பூக்கூட்டம்தான் என்பதைக் கவனித்துப் பாருங்கள். கமராவைத் தரையோடு தாழ்த்திப் பிடித்தால் கூட்டம் இன்னும் அடர்த்தியாகத் தோன்றும். அந்த நல்ல இடத்துக்காகக் கொடியை மிதித்துக்கொண்டு போய்விடக் கூடாது; கரை மணலை அள்ளுண்டு போகாமல் பிடித்து வைத்திருப்பது அந்தக் கொடிதான்.

கைத்தொலைபேசி மட்டும் வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. அதன் சென்சர் மிகவும் சிறியது. லென்ஸின் குவியத்தூரமும் அதற்கேற்பக் குறுகியது. அதனால் அதன் புல ஆழம் இயல்பாகவே பெரிது. பூவையும் தொலைவையும் சேர்த்து எடுப்பதில் அது பெரிய கமராவைவிட எளிதாக வெல்லும். பெரும்பாலான போன்களில் துளையை மாற்ற முடியாது. பின்னணியைக் கரைப்பதற்கு இருக்கும் 'போர்ட்ரெயிட்' முறை, கணக்குப் போட்டுப் பின்னணியைச் செயற்கையாக மங்கச் செய்கிறது. கார்த்திகைப்பூவின் மெல்லிய தாள்களைப் பின்னணி என்று எண்ணி அதையும் சேர்த்து அழித்துவிடும். பூக்களுக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது.

கடற்கரையில் கற்ற இந்தக் கணக்கு உண்மையான மலைப்பூக்களிடம் போகும்போது இன்னும் இறுக்கமாகிறது. மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே, குளிரையும் காற்றையும் தாங்குவதற்காகச் செடிகள் தரையோடு ஒட்டிக் குட்டையாக வளர்கின்றன. அவற்றில் பலவற்றின் பூக்கள் மிகச் சிறியவை. சிறிய பூ என்றால் அதிக நெருக்கம், அதிக நெருக்கம் என்றால் மெல்லிய தகடு. கூடவே காற்றும் சேர்ந்துகொள்ளும். 1931இல் இமயத்தின் காமெட் சிகரத்தில் ஏறித் திரும்பிய பிரித்தானிய மலையேறி பிராங்க் ஸ்மைத் கண்டு உலகுக்குச் சொன்ன, உத்தரகாண்டில் உள்ள பூக்களின் பள்ளத்தாக்கு 3,000 மீற்றருக்கு மேலே இருக்கிறது. 1982இல் தேசியப் பூங்காவாகவும், 2005இல் உலக மரபுரிமைப் பகுதியாகவும் அறிவிக்கப்பட்ட அந்த இடத்தில் பூக்கள் செழிப்பது ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில். அது மழைக்காலமும் ஆகையால், சிகரங்களை முகில் அடிக்கடி மறைத்துவிடும். மலை தெரியாத நாளில் ஹைப்பர்ஃபோகல் தூரத்தைக் கட்டிக்கொண்டு அழுவதில் பயனில்லை. துளையைத் திறந்து, ஒற்றைப் பூவையும் பின்னால் உள்ள வெண்மையையும் எடுக்க வேண்டியதுதான்.

இலங்கையில் மரங்களின் எல்லையைத் தாண்டிய உயரம் எங்கும் இல்லை. நமக்குக் கிட்டிய மலைப் புல்வெளி, கண்டி, நுவரெலியா வழியாகப் போய்ச் சேரும் ஹோட்டன் சமவெளி. 2,000 மீற்றருக்கு மேல் உயர்ந்த அந்த இடம் 1988இல் தேசியப் பூங்காவானது. 2010இல் உலக மரபுரிமையான மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியும் ஆனது. அங்கே பாதையை விட்டு இறங்கவோ பூவைப் பறிக்கவோ அனுமதியில்லை. எனவே நிலாவெளியில் செய்ததுபோலப் பூவுக்கு அருகே தவழ்ந்து போக முடியாது. நீளமான லென்ஸ் இங்கேதான் தன் வேலையைச் செய்கிறது. செந்நிறக் கொத்துகளாகப் பூக்கும் ரோடோடென்ட்ரன் மரம் பாதையிலிருந்து 3 மீற்றர் தள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 200 மி.மீ. லென்ஸில் எஃப் 8க்குச் சுமார் 6.5 செ.மீ. புல ஆழம் கிடைக்கும். கொத்தின் முன்பாதிக்கு அது போதும். எஃப் 11க்குப் போனால் சுமார் 9 செ.மீ. கிடைக்கும், கொத்து ஏறக்குறைய முழுதாகத் தெளிந்து, பின்னால் உள்ள கிளைகள் மட்டும் கரையும். அங்கே காலை ஒன்பது, பத்து மணிக்குள் பெரும்பாலும் முகில் வந்து மூடிவிடும். முகிலின் ஒளி இதழ்களுக்கு மென்மையானது, ஆனால் குறைவானது; ஐ.எஸ்.ஓ.வை 800க்குக் குறையாமல் வைத்துக்கொண்டு, கொத்தில் முன்னால் நீட்டி நிற்கும் பூவின் மகரந்தத் தாள்களுக்குப் போகஸ் செய்யுங்கள்.